கலியபெருமாள் சாரும் ஊதாத் துணியும்

கலியபெருமாள் சார் போய்விட்டார் என்று சிதம்பரத்திலிருந்து போன் வந்தபோது மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரோடு பழகிய உங்களிடம் அதை மறைத்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

கடலூரில் ஒரே பள்ளியில் அவர் டிராயிங் மாஸ்டர், நான் கணக்கு வாத்தியார். "போங்க சார், உங்களுக்கு வட்டமே ஒழுங்கா வராது" என்பதுதான் அவர் கோபத்தின் உச்சம்.

சுனாமிக்கு மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். மீனவர்களோடு சேர்ந்து குழி வெட்டினார், பிள்ளைகளின் உடல்களைத் தூக்கிக் கொடுத்தார். நான் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். ஓர் உடலைக்கூடத் தொடவில்லை.

அடுத்து வந்த தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு படம் கேட்டேன். ஏசுவை அடக்கம் செய்யும் படம், இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ வரைந்தது. பழைய புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தேன். வரைந்து முடிக்கும்வரை சார் கவிச்சி தொடவில்லை. "உங்க சாமிக்கும் விரதந்தானே சார்" என்றார்.

படம் வந்தது. மூலத்தில் பாறைக் குகை. இவர் மணலை வரைந்திருந்தார். மூலத்தில் இல்லாத ஆள் ஒருவன் ஓரத்தில் கைக்குட்டையால் முகம் பொத்தி நின்றான். அந்த வழுக்கையும் பெரிய காதும் என்னுடையவை. மானம் போயிற்று என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய இரண்டு வாரம் கோயில் படங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பொறுப்பு என்னுடையது. ஈஸ்டருக்கு மற்ற படங்களைத் திறந்தேன். இதை மட்டும், உப்புக்காற்றில் சாயம் உரிகிறது என்று பங்குச் சாமியாரிடம் பொய் சொல்லித் துணியோடு பக்க அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். சிதம்பரத்துக்கு மாற்றலாகிப் போன சார், படத்தைப் பார்க்க மூன்று முறை வந்தார். "இன்னும் துணி எடுக்கல சார், எங்க முறை அப்படி" என்றேன். மூன்று முறையும் நம்பினார். "எடுக்கறப்ப ஒரு போன் போடுங்க" என்று பஸ் ஏறினார். நான் போடவேயில்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் படத்த நானாச்சும் ஒரு தபா பாக்கணும் சார். கரையில அன்னிக்கி எல்லாரும் மரத்துப்போயி வேல பாத்துக்கினு இருந்தாங்களாம். நீங்க ஒருத்தர்தான் நின்னு அழுதீங்களாம். செத்த புள்ளைங்களுக்கு அழுவ ஒரு ஆளு வேணாமா, அதான் கணக்கு சார வரைஞ்சேன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

மறு ஞாயிறே படத்தைக் கோயிலில் மாட்டினேன். அந்த அம்மா பஸ்ஸில் வந்து பார்த்தார். ஏசுவைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தும் கும்பிட்டார்.

ஊதாத் துணி இப்போது என் பீரோவில் இருக்கிறது. சாரின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அன்று நான் அழவில்லை. நாற்றம் தாங்காமல்தான் முகத்தைப் பொத்தினேன். அந்த அம்மா இதைப் படிப்பார். படிக்கட்டும்.