காற்று வீசும்போதே நிறுத்திய காற்றாலை: மூலனூருக்கு ஒரு நாள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நானும் என் வீட்டுக்காரர் செந்திலும் காம்பேக்டிங் யூனிட் நடத்துகிறோம். பனியன் துணி பின்னால் சுருங்காமலிருக்க, அதைச் சூடான உருளையில் ஓட்டிக் கொடுக்கும் வேலை. போன ஆனியில் இரண்டு முறை மாலையில் கரண்ட் போய், உருளையில் நின்ற துணி பழுப்பேறிவிட்டது.

"காத்தாடிக் கரண்டை நம்புனா இப்படித்தான். ஒப்பந்தத்தை முறிச்சிரலாம்," என்றார் செந்தில். நாலைந்து யூனிட்டுகள் சேர்ந்து மூலனூர்ப் பக்கம் ஒரு காற்றாலையில் மின்சாரம் வாங்குகிறோம். புகையில்லாத மின்சாரம்தான் வேண்டும் என்பது துணி கொடுப்பவரின் நிபந்தனை. முறித்தால் ஆர்டரும் போகும். நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ஆடி முதல் வாரம் கிளம்பினேன்.

கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் காலை 7.10 பஸ், தாராபுரத்தில் மாறி, மூலனூரில் 9.35. பஸ்ஸுக்கு 70 ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, 150. "காத்தாடி பாக்கவாங்க வந்தீங்க? இங்க எல்லாரும் முருங்கைக்காய்க்குத்தானுங்க வருவாங்க," என்றார் ஆட்டோக்காரர்.

காற்றாலையைக் கவனிக்கும் ஜெபராஜ் தூத்துக்குடிக்காரர். தலைக்கவசம் கொடுத்துச் சுற்றிக் காட்டினார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டிய காற்று. 11.50க்கு மின்வாரியத்திலிருந்து அவருக்கு ஒரு போன் வந்தது. உடனே போய் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இத்தனை காத்து அடிக்குது, ஏனுங்க நிறுத்தறீங்க?"

"நிப்பாட்டச் சொல்லுதாங்கக்கா. இப்ப வெயில் கரண்டும் நிறைய வருது. எடுக்க ஆளில்லன்னா லைன் தாங்காது. சாயங்காலம் வெயில் போயிரும், எல்லாரும் சுவிட்ச் போடுவாங்க. அந்நேரம் காத்தும் குறைஞ்சா இழுபறிதான். நீங்க எப்ப மிஷின் ஓட்டுதீங்க?"

"நாலு மணிக்கு மேலதானுங்க," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

காற்றுக்கு ஒதுங்கிச் சுவர் மறைவில் நின்று செந்திலைப் போனில் கூப்பிட்டு, இனி மிஷினைப் பகலிலேயே ஓட்டலாம் என்றேன். "சாயத்துணி மத்தியானந்தான வருது, காலைல எதை ஓட்டறது?" என்றார்.

"முந்தின நாள் வந்ததை ஓட்டலாமுங்க."

"டெலிவரி ஒரு நாள் தள்ளுமே?"

"துணி கெட்டா மூணு நாள் தள்ளுதுங்களே."

"சரி, ஒரு வாரம் பாப்போம்," என்றார்.

இரண்டு மாதமாகக் காலை பத்திலிருந்து நாலு வரை ஓட்டுகிறோம். பகலிலும் ஒருமுறை கரண்ட் போய்த் துணி கெட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். எங்களிடம் வேலை செய்யும் செல்விக்குப் பகலில் பள்ளிச் சமையல் இருக்கிறது. அவருக்கு மாலையில் துணி மடித்துக் கட்டும் வேலையைக் கொடுத்தோம். ஒப்பந்தத்தை முறிக்கவில்லை.

போக நினைப்பவர்கள் ஆடியில் போங்கள், முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அங்கே கடையில்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு வேண்டும். சுற்றும் இறக்கைகளைப் படமெடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். நடுப்பகல் வரை இருங்கள். நிறுத்துவதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.