பக்கவாசல் கொண்டியில் ஏறிய துரு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னால் போய்விடும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஆனி மாதம் எனக்கு வந்த கோபம் மட்டும் மறக்கவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். என் மகன் வீட்டுமனை வாங்கி விற்கிறவன். முன்கூடத்தில் எந்நேரமும் நாலைந்து ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவே நடந்து போக எனக்குக் கால் வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் கோயிலுக்கோ கடைக்கோ போவதென்றால் பக்கத்துச் சந்தில் திறக்கிற இரும்பு கேட்டு வழியாகத்தான் போவேன். அந்தக் கேட்டின் தாழ்ப்பாள் கொண்டி துருவேறி இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையவில்லை. ஒரு வாரம் வெளியே போகாமல் அடுப்படியிலேயே கிடந்தேன்.

மகனிடம் சொன்னேன். கொண்டியைச் சரிபண்ணித் தருவான் என்று நினைத்தேன்.

"நீ தெனமும் ஈரச் சேலையக் காயப்போட்டுத்தான் அது துருப்பிடிச்சுப் போச்சு. ஆடித்தபசுத் திருநாளுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க, அசிங்கமா இருக்கு. கேட்டை எடுத்துட்டுச் செவரு வச்சிருவோம். திங்கக்கெழம கொத்தனார் வாராரு" என்றான்.

போய்க் கேட்டை உற்றுப் பார்த்தேன். நான் சேலை போடுவது மேல்கம்பியில். அங்கே பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட உரியவில்லை. கொண்டியில் மட்டும் செம்மண் அப்பினதுபோல் துரு. அதற்கு நேர் மேலே ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம் தொங்கியது. மாடி கட்டிய வருசம் கண்ணேறு படக்கூடாதென்று கல்லுப்பும் படிகாரமும் வைத்து அவனே கட்டினது. இரண்டு மழைக்காலமாக அந்த உப்பு கசிந்து கொண்டியில் சொட்டியிருக்கிறது. கம்பியில் வெள்ளையாகத் தடம் இருந்தது. அவன் கட்டின பொட்டலம், பழி என் சேலைக்கு.

காய் நறுக்குகிற கத்தியால் பொட்டலத்தை அறுத்து எடுத்துவைத்தேன். புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டியில் அப்பி, தேங்காய் நாரால் தேய்த்தேன். துரு கரைந்து ஓடியது. தண்ணீர் ஊற்றிக் கழுவி அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் மறுபடியும் சிவப்பு. ஈரத்தோடு விட்டது என் புத்தி. என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் முதலில் உப்புத்தாள் வைத்துச் சுரண்டினேன். விரல் நுனியெல்லாம் தோல் போனது. பிறகு புளி. பிறகு பழைய வேட்டித் துணியால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, வெயிலில் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் விட்டேன். சாயங்காலம் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். அசைந்தது. இழுத்தேன், வந்தது.

திங்கட்கிழமை செங்கல் வண்டியோடு கொத்தனார் வந்துவிட்டார். கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, விட்டா இரும்பையே தேச்சுத் தீத்துருவிய போலுக்கே" என்று சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. அவன் கண் மேலே போனது.

"பொட்டலத்த யாரு அவுத்தா? தொழிலுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு கட்டினதுல்லா அது."

வேற்று ஆள் முன்னால் நான் சத்தமாகப் பேசினது அன்றைக்குத்தான்.

"நாந்தாம்ல அறுத்தேன். ஒன் உப்பு சொட்டித்தான் கொண்டி போச்சு. எஞ்சேலைய எதுக்குல சொன்ன? இங்கன செவரு வச்சா நான் எங்கிட்டுப் போவேன்? ஒங்கிட்ட வாரவன் அம்புட்டுப் பேரும் பாக்க நடுவீட்டு வழியா நடக்கச் சொல்லுதியா?"

மகன் தரையைப் பார்த்தான். கொத்தனார்தான், "அண்ணாச்சி, செங்கல எங்கன இறக்க?" என்று கேட்டார். மாடியில் கைப்பிடிச் சுவருக்கு ஆகும் என்றான் மகன். என்னிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரைக்கும்.

சாயங்காலம் கொண்டியை நீக்கிக் கேட்டைத் திறந்து கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

புளியை எவ்வளவு நேரம் அப்பி வைத்தேன், எண்ணெய் ஒரு தரம் விட்டேனா இரண்டு தரமா என்பது இப்போது தெளிவாக இல்லை. இரும்பு வேலை தெரிந்தவர் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். என் மகனிடம் கேட்க வேண்டாம்.