கைப்பைக்குள் இருந்த மைக்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஞானசெல்வி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் பாக்கி. போனில் வந்தவர் கல்லூரி அலுவலக உதவியாளர் பாண்டி.

"அண்ணே, டீச்சரம்மா போய்ட்டாக."

"எங்க போய்ட்டாக?"

"இறந்து போய்ட்டாகண்ணே. அல்லிநகரத்துல தங்கச்சி வீட்டுல. காலையில."

"யாரு சொன்னா? நீ நேர்ல பாத்தியா?"

பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்ணே, செத்ததுக்குமா சாட்சி கேப்பீக?"

கேட்பேன். அந்த அம்மாவுக்கு இருபது வருஷம் மைக்செட் போட்டவன் எந்தச் சேதியையும் ஒரே தடவையில் நம்ப மாட்டான். தங்கச்சி வீட்டுக்கே போன் போட்டேன். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் சட்டையை எடுத்து மாட்டினேன். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் பஸ்ஸில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர், "ரொம்ப வேண்டியவுகளா?" என்று ஆறுதலாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். வேண்டியவர்தான். ஆனாலும் கைக்குட்டை மீசைக்காக. டீச்சர் உயிரோடு எழுந்து உட்கார்ந்திருந்தால், "எந்தப் பக்கம் நிசம், மைக்கு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

மைக்கு என்றால் நான்தான். எனக்கு முருகேசன் என்று ஒரு பேர் உண்டு. டீச்சர் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. நான் எட்டாம் வகுப்பில் பாதி வரை படித்தவன். கல்லூரி மலரில் எழுதுகிற தகுதி இல்லை. ஆனாலும் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில்தான் எட்டு நிமிஷம் பேசினாயே, மறுபடி எதற்கு என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டீச்சர் தாவரவியல் எடுத்தார். அது வகுப்பில். வகுப்புக்கு வெளியே நம் கல்லூரியில் நடந்த அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. கல்லூரி நாள், விளையாட்டு விழா, சமத்துவப் பொங்கல், கோலப்போட்டி, நாடகம், முகாம் நிறைவு விழா, எல்லாம். அந்தப் பொறுப்புக்கு அவரைப் போட்டவர் யாராக இருந்தாலும் ஆளைத் தெரிந்துதான் போட்டிருக்கிறார். சிறப்பு விருந்தினருக்கு மாலை வந்தால் டீச்சர் அதை வாங்கி உதறுவார். எறும்பு இருக்கும். திராட்சைக் கூடை வந்தால் மேல் அடுக்கை எடுத்துவிட்டுக் கீழ் அடுக்கைப் பார்ப்பார். நம்மூர் வியாபாரிகளை அறிந்தவர். நாடகம் எழுதிக்கொண்டு வரும் பையன்களிடம், "இந்த எடத்துல எல்லாரும் சிரிப்பாகன்னு போட்டிருக்கியே, எதுக்குச் சிரிப்பாக? யாரை நெனச்சுச் சிரிப்பாக?" என்று கேட்பார். அந்த இடம் அடிபடும்.

மைக்கின் மேல் அவருக்கு இருந்த சந்தேகம் தனி. ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் மேடை ஏறும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரே பாடத்தைச் சொல்வார்: "பேசாதப்போ மைக்கு ஆன்ல இருக்குன்னு நெனச்சுக்க. பேசறப்போ ஆஃப்ல இருக்குன்னு நெனச்சுக்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உனக்கும் சேத்துத்தான், மைக்கு" என்பார். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும். "டீச்சரம்மா, நான் மைக்கோட பொறந்தவன்" என்பேன். "அதான் பயமா இருக்கு" என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்லூரி நாள் பலருக்கு நினைவிருக்கும். மேடையில் தொகுப்புரை சொன்னது மூன்றாம் ஆண்டு ரம்யா. குமுளிக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். ஜீப்பில் இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை. கணீரென்று பேசும். தாளாளர் ஐயா அன்றைக்குப் புதிதாகத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து இறங்கினார். நெற்றியில் பாதி வரை கறுப்பு. அவர் படியேறும்போது நாலு ஸ்பீக்கரிலும் ஒரு குசுகுசுப்பு கேட்டது:

"அங்கன பாரு, டை அடிக்கச் சொன்னா தார் ரோடு போட்டுட்டு வந்துட்டாக."

முந்நூறு பேரும் சிரித்தார்கள். தாளாளர் ஐயா நின்றார். மேடையில் மைக்கைக் கையில் வைத்திருந்தது ரம்யா ஒருத்திதான். குசுகுசுப்பில் ஆண் குரல் எது, பெண் குரல் எது என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். அது என் குரல். பந்தலுக்குப் பின்னால் என் மேசையில் உதிரி மைக் ஒன்று இருந்தது. நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டதை அது எல்லாருக்கும் சொல்லிவிட்டது. சட்டென்று வயரைப் பிடுங்கினேன். சிரிப்பு அடங்குவதற்குள் மைக் டப்பாவுக்குள் போய்விட்டது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து, "யார்ரா அது?" என்று எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் ரம்யாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். இல்லையென்றால் டி.சி. இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்தப் பிள்ளை, "நான் சொல்லலைங்க சார். சொல்லாததுக்கு எப்படி எழுதிக் குடுப்பேன்?" என்று ஒரே பிடியாக நின்றது. அப்பா எஸ்டேட்டிலிருந்து வந்து அலுவலகத்து வாசலில் நின்றார். "எழுதிக் குடுத்துரும்மா" என்று கெஞ்சினார். அந்தப் பிள்ளை எழுதவில்லை. அலுவலகத்தில் டி.சி. தயாரானது. நான் அன்று பந்தல் பிரிக்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன். வயரைச் சுற்றினேன். சுற்றிய வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

டீச்சர் விசாரணையில் இறங்கினார். போட்டோகிராபரைக் கேட்டார். பூக்காரரைக் கேட்டார். பாண்டியைக் கேட்ட கேள்வியில் அந்த ஆள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். நாலாம் நாள் மதியம் என் கடைக்கே வந்துவிட்டார்.

"மொத்தம் எத்தனை மைக்கு கொண்டாந்த?"

"ரெண்டு டீச்சரம்மா."

"ஒண்ணு ரம்யா கையில. இன்னொண்ணு எங்கன?"

"டப்பாவுல."

"டப்பா எங்கன?"

"என் பக்கத்துல."

"நீ எங்கன?"

"நானா? நான்... டப்பா பக்கத்துல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "'தாளாளர் ஐயா வந்துவிட்டார்'னு இதுல எழுதியிருக்கு. இத உன் பேச்சுல குசுகுசுன்னு சொல்லு பாப்போம்."

எனக்கு அதில் இருந்த கண்ணி புரியவில்லை. சொன்னேன். "தாளாளரய்யா வந்துட்டாக."

"ம். அந்தப் பிள்ளையும் சொல்லுச்சு. வந்துட்டாங்கன்னு சொல்லுச்சு. பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். பத்துத் தடவையும் 'ங்க'தான். எலையோட ஓரத்தப் பாத்தா என்ன மரம்னு சொல்லிருவேன். பேச்சுக்கு வாலப் பாத்தாப் போதும்."

"டீச்சரம்மா, கம்பத்துல நாய்கூட வந்துட்டாகன்னுதான் கொரைக்கும்."

"நாய் டப்பா பக்கத்துல இல்லையே, மைக்கு."

எழுந்து போய்விட்டார். போகும்போது, "நாளைக்குப் பத்து மணிக்குப் பிரின்சிபால் ரூம்ல செட்டு வேணும். நீயே வா" என்றார்.

மறுநாள் ஒப்புக்கொண்டுவிடுவது என்றுதான் அன்று ராத்திரி முடிவு செய்திருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். டீச்சர் இருந்தால் நம்ப மாட்டார்.

முதல்வர் அறையில் தாளாளர் ஐயா, முதல்வர், ரம்யா, அவள் அப்பா, டீச்சர், வயரோடு நான். டீச்சர் ரம்யாவைப் பேசச் சொன்னார். "வந்துட்டாங்க." அப்பாவைப் பேசச் சொன்னார். "வந்துட்டாங்க." எஸ்டேட்டில் நாலாபக்கத்து ஜனமும் கலந்து குடியிருப்பதால் அங்கே இந்தப் பேச்சுதான், நம் பள்ளத்தாக்குப் பேச்சு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது என்று பாடம் எடுப்பதுபோல் விளக்கினார். தாளாளர் ஐயா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, "அப்ப யாரு?" என்று கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் வரவில்லை. வாழ்நாளில் வாய் வேலை செய்யாமல் போனது எனக்கு அந்த ஒரு தடவைதான். டீச்சரே பேசினார்.

"சார், கூடலூர்லேருந்து தேனி வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் பேசுவாக. நான் ராயப்பன்பட்டிக்காரி. நானும் இப்படித்தான் பேசுவேன். இந்தப் பிள்ளை மேல இருக்குற சந்தேகத்த எடுத்து என் மேல வச்சுக்கங்க. வச்சுக்கிட்டு டி.சி.யக் கிழிச்சிருங்க."

டி.சி. கிழிந்தது. ரம்யா பரீட்சை எழுதினாள். இன்றைக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவளே டீச்சர். சந்தேகத்தைத் தாளாளர் ஐயா நிஜமாகவே டீச்சர் மேல் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் விழாப் பொறுப்பு வேறு கைக்குப் போனது. அந்தக் கல்லூரி நாளில் சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் பேசினார், மாலையிலிருந்து எறும்பு இறங்கியது. டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பந்தலுக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் பொறுப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய்தார். அதன் பிறகு நடந்த ஒவ்வொரு விழாவிலும் நான் வந்து இறங்கியதும் என் மேசைக்கு வருவார். உதிரி மைக்கை எடுப்பார். சுவிட்சை அணைப்பார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுப்பார். விழா முடிந்ததும் திருப்பித் தருவார். தரும்போது என் முகத்தைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். இவருக்குத் தெரியுமா, தெரிந்துதான் சும்மா இருக்கிறாரா, என்றைக்காவது எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பாரா என்று வருஷக்கணக்காக நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் என் மேல் வைத்த சந்தேகம் அதில் பாதிகூட இருக்காது. ஓய்வு பெற்ற நாள் விழாவில் மட்டும் மைக்கைத் திருப்பித் தரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மறக்கிற ஆளா?

அல்லிநகரத்து வீட்டில் அவர் தங்கச்சி அதே கைப்பையைக் கொண்டுவந்து ஜிப்பைத் திறந்தார். "மைக்குன்னு ஒருத்தரு வருவாக, குடுத்துருன்னு அக்கா சொல்லியிருந்தாக. நீங்கதானே?" என்றார். பாதி கறுத்த என் மீசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வேற யாரா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்த மைக்கும், அவர் பாடத்தின் முதல் பாதியும். பேசாதபோது ஆனில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நினைக்கிறேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருமுவதுகூட இல்லை.

போன வாரம் கல்லூரி மைதானத்தில் இரங்கல் கூட்டம். கரண்ட் இல்லை, மேடைக்குப் பக்கத்திலேயே என் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலில் ஸ்பீக்கர் சத்தம் மேடைக்குக் கேட்காது. முன்வரிசையில் தாளாளர் ஐயா. கடைசி வரிசையில் நன்றியுரைத் தாளோடு ரம்யா. என் முறை வந்ததும் டீச்சரின் கைப்பையிலிருந்து வந்த மைக்கை வயரில் மாட்டினேன். அவர் படத்துக்கு முன்னால் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்ல மனசு வரவில்லை. நேராக ஆரம்பித்துவிட்டேன். அங்கன பாரு என்றதிலிருந்து வயரைப் பார்த்து நின்றது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். தாளாளர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ரம்யாவிடம் கேட்டேன். டீச்சரிடம் கேட்டேன். பின்வரிசைகளில் பலர் கையை ஆட்டினார்கள். அழாதே என்று சொல்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். தாளாளர் ஐயா இரண்டு தடவை தலையை ஆட்டினார். முடித்துக் கும்பிட்டேன்.

ரம்யா மேடை ஏறி வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிப் பார்த்தாள். டீச்சர் அணைத்து வைத்த சுவிட்ச் அணைத்தபடியே இருந்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

"அண்ணே, இவ்வளவு நேரமும் ஆஃப்லதான் இருந்துச்சுங்க."

அது எல்லாருக்கும் கேட்டது.