தட்டகப்பையால் வெட்டிய வாய்க்கால்

பழைய கூடாரம் எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே நல்லது. புளித்த பாலும் ஈரச் சப்பாத்தும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். சென்ற மாதம் ஜெர்மனியின் ஹம் நகரில், அப்பா குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், டயர்களுக்குப் பின்னால் கிடந்த பச்சைப் பையைத் திறந்தபோது அந்த மணம் முகத்தில் அடித்தது.

அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அப்பா சிறிய வீடு ஒன்றுக்கு மாறுகிறார். நிலவறையைக் காலி செய்ய நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தேன். கையில், வைப்பது, கொடுப்பது, எறிவது என்று மூன்று நிரல் போட்ட தாள். அப்படி ஒரு தாள் இல்லாமல் எனக்குக் கடைக்குப் போகவே வராது. நெகிழிகளையும் பூச்சுகளையும் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன் என்பதால், கூடாரத் துணியைத் தொட்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. உட்புறத்து நீர்காப்புப் பூச்சைப் பல வருட ஈரம் மெல்ல மெல்ல உடைத்திருந்தது. அது விரலில் பிசுபிசுத்து, வெயிலில் எரிந்த தோல் போல உரிந்து வந்தது. இதைத் திருத்த முடியாது. அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன்.

"மணக்குது எண்டு சொல்லன், பிள்ளை," என்றார்.

பையின் பக்க உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளுறை இருந்தது. அதற்குள் பதினொரு வயதில் நான் எழுதிய பட்டியல். ஜெர்மன் மொழியில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, இருபத்திமூன்று வரிகள். அதன் கீழே, அம்மாவின் சாய்ந்த எழுத்தில், பென்சிலால் ஐந்து வரிகள் தமிழில் சேர்க்கப்பட்டிருந்தன. பழைய சேலை இரண்டு. மெழுகுதிரி. சாம்பிராணி. பத்திரப் பைல். தட்டகப்பை. ஐந்தையும் நான் சிவப்புப் பேனாவால் வெட்டியிருந்தேன். அதற்கும் அடிமட்டம் வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அந்த வயதில் என் பெரிய கவலை பள்ளிக்கூடக் கட்டுரை. ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்ததும் ஜெர்மன் பாடத்தின் முதல் வீட்டுவேலை அதுதான்: விடுமுறையில் என்ன செய்தாய்? ஹம் நகரத்துக் கோயில் தேரைப் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு வருடம் எழுதிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி டென்மார்க்கில் கூடாரமடித்துத் தங்கியதை எழுதி, ஒரு படமும் ஒட்டியிருந்தாள். கூடார வாசலில் தகப்பன், தாய், பிள்ளை, மூன்று தலைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சிரிக்கும் படம். எனக்கு அந்தப் படம் வேண்டும். என் பட்டியலில் இருபத்திமூன்றாவது வரி அதுதான்: கூடாரத்துக்குள் நாங்கள் மூவரும், ஒரு படம்.

அப்பாவுக்கு வேறு காரணம் இருந்தது. ஜெர்மனியில் அகதியாக, தற்காலிக அனுமதிப் பத்திரத்தோடு இருந்த வருடங்களில் அவர் மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. பக்கத்து நகரத்துக் கலியாண வீட்டுக்குப் போவதற்கும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் யாரோ கொடுத்த கலண்டர் ஒன்றின் யூலை மாதத் தாளை அவர் கிழித்து வைத்திருந்தார். ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவு. கறுத்த மலைகள், கடல், ஓரமாக ஒரு செம்மறி. ஜெர்மன் பாஸ்போட் கைக்கு வந்த வருடம் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

"இனி ஆரையும் கேக்கத் தேவையில்லை," என்றார்.

அம்மா ஒன்றை மட்டும் கேட்டார். "எங்கை எண்டாலும் வாறன். கூடாரத்துக்குள்ள மட்டும் படுக்கமாட்டன். தறப்பாளுக்குக் கீழ படுத்தது எனக்குக் காணும்."

"இது தறப்பாள் இல்லையப்பா. நல்ல ஜெர்மன் கூடாரம்," என்றார் அப்பா அவரிடம்.

"மேல சீலை, கீழ மண். ரெண்டும் ஒண்டுதான்."

அம்மா வேலணைக்காரி. யுத்தத்தில் அந்தத் தீவை விட்டு இடம்பெயர்ந்து, ஜெர்மனிக்கு வருமுன் எங்கோ ஒரு வளவில் தறப்பாள் என்கிற தார்ப்பாய்க்குக் கீழே மாரிகாலங்களைக் கழித்தவர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றும் இவ்வளவுதான் தெரியும். அன்று நான் அழுதேன், தறப்பாளுக்காக அல்ல, படத்துக்காக. கடைசியில் அம்மா காருக்குள் படுப்பதென்று முடிவானது.

கார், கப்பல், மறுபடி கார். தீவுக்குப் பாலத்தால் போனோம். அம்மா கண்ணாடியை இறக்கிக் கடலைப் பார்த்தார். "எங்கட தாம்போதியால போறமாதிரித்தான் கிடக்கு. தண்ணிதான் கறுப்பு," என்றார். ஊரில் கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகும் சாலையைச் சொன்னார். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் ஊரைப் பற்றித் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். நான் பின்சீற்றில் இருந்து கிலோமீற்றர் குறித்துக்கொண்டிருந்தேன்.

கலண்டர் பொய் சொல்லவில்லை. மலை இருந்தது, கடல் இருந்தது, செம்மறிகள் படத்திலும் அதிகம் இருந்தன. கூடாரத் திடலில் அப்பா சற்றுப் பள்ளமான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"பள்ளத்தில அடிக்கிறீங்கள்," என்றார் அம்மா.

"இஞ்சயிருந்துதான் கடல் தெரியுது."

"ராவைக்குக் கடல் உள்ளுக்கும் வரும்."

அப்பா சிரித்தார். நான் கூரைக்கம்பிகளை இலக்கப்படி பொருத்துவதில் மும்முரமாக இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா முழங்காலில் நின்று தட்டகப்பையால் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். நான் பட்டியலில் வெட்டிய அதே தட்டகப்பை. தோசை பிரட்டுகிற, தட்டையான இரும்புத் தட்டகப்பை. வெட்டிப் போட்ட ஐந்தையும் அவர் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். முதலில் புல்லைச் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்து ஒரு பக்கம் அடுக்கினார். பிறகு கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினார். பின்பக்கம் ஒரு வால் நீண்டு சரிவை நோக்கிப் போனது. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

திடலைப் பார்த்துக்கொள்கிற பெண் ரப்பர் சப்பாத்தோடு வந்தார். நரைத்த தலை, கூடவே ஒரு கிழட்டு நாய். என்னைப் பார்த்து, மெதுவான ஆங்கிலத்தில், இங்கே நிலத்தை வெட்டக்கூடாது, புல் மறுபடி வளர நெடுநாள் செல்லும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுற்றியிருந்த கூடாரங்களில் தலைகள் திரும்பின. என் காது சுட்டது.

"தோண்டக் கூடாதாம் அம்மா. மூடட்டாம்."

"மழை வரும், தண்ணி உள்ளுக்கு வருமெண்டு சொல்லு."

"எனக்கு இங்கிலிஷில சொல்லத் தெரியாது."

மழை, தண்ணீர் இரண்டுக்கும் ஆங்கிலம் எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும்.

அம்மா மூடினார். அடுக்கிவைத்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்து அதன் அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் தட்டினார்.

சாப்பாட்டு நேரம் நுளம்பிலும் சிறிய ஒரு பூச்சி கூட்டமாக வந்தது. "பாஸ்போட் காட்டாமலே உள்ள வருதுகள்," என்றார் அப்பா, கழுத்தில் அடித்தபடி. அம்மா மூடியொன்றில் சாம்பிராணி போட்டார். அடுத்த கூடாரத்து ஹொலண்டுக்காரர்கள் தங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் புகைக்குள் வந்து இருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்குள் கடலைப் பார்த்தபடி புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டவர்கள் அந்தத் தீவில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். இதையும் நான் கட்டுரையில் எழுதவில்லை.

அங்கே கோடையில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்திலேயே மழை வந்தது. நேராக விழாமல், கடலிலிருந்து பக்கவாட்டில் வந்த மழை. நானும் அப்பாவும் கூடாரத்துக்குள். அம்மா காருக்குள், பைலை மடியில் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் என் படுக்கைக்குக் கீழே தரை மெத்தென்று அசைந்தது. தண்ணீர் அடியில் வந்துவிட்டது. பிறகு மூலையில் உள்ளேயும் வந்தது. அப்பா வாளியும் கையுமாக நின்று, எதை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல், "இஞ்சருமப்பா," என்று காரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அம்மா இறங்கி வந்தார். பைலை என்னிடம் தந்தார். "மடியில வைச்சிரு. கீழ வைக்காதை." வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். பிறகு மழைக்குள் குனிந்து, சற்று முன் மூடிய வாய்க்காலை மறுபடி திறந்தார். அப்பாவுக்கு அவர் சொன்னவை சின்னச் சின்ன வசனங்கள். "அதைப் பிடியுங்கோ. இல்லை, தளர்த்துங்கோ. இறுக்கினால் கிழியும்." சேலை ஒன்றை உள்ளே மூலையில் அடைத்து, பிழிந்து, மறுபடி அடைத்தார். மற்றச் சேலையை நிலத்தில் விரித்தார். மெழுகுதிரியை எடுத்து, உள்ளிருந்து தையல்களின் மேல் அழுத்தி அழுத்தி உரசினார். தையல் ஒழுகுவது நின்றது. இன்று அந்தக் காரியத்துக்கு என் வேலையில் நீளமான ஒரு ஜெர்மன் சொல்லும், தனியாக ஒரு கருவியும் இருக்கின்றன. அம்மாவிடம் மெழுகுதிரி இருந்தது.

எல்லாம் முடிந்ததும் வாசலில் சற்று நேரம் நின்றார். கார் இருபது அடி தள்ளி நின்றது. உள்ளே வந்து, ஈரச் சேலை மேல், எனக்கும் துணிக்கும் இடையில் படுத்தார். மழை படாத பக்கத்தில் என்னைப் போட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் கை என் கையின் மேல் இருந்தது. தூங்கினாரா என்று தெரியாது. நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வெயில். திடலில் மூன்று கூடாரங்கள் சரிந்து கிடந்தன, ஹொலண்டுக்காரர்கள் மெத்தைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாய்க்கால் நிறையத் தண்ணீர் சத்தமில்லாமல் சரிவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நாயோடு அந்தப் பெண் வந்தார். வாய்க்காலின் ஓரமாக அதன் வால் வரைக்கும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: உன் அம்மா இதை எங்கே கற்றுக்கொண்டார்?

அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். தன்னைப் பற்றிய பேச்சு என்று அவருக்கு விளங்கியிருந்தது. முகம் கொஞ்சம் மலர்ந்துகூட இருந்தது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: நாங்கள் அடிக்கடி இப்படிக் கூடாரமடிக்கப் போவோம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"மூடட்டாம்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு முழங்காலில் இருந்தார். தட்டகப்பையின் கழுத்து முதல்நாளே வளைந்திருந்தது. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு சதுரமாகப் புல் தன் இடத்துக்குப் போனது. மூன்று தலைகளின் படத்தை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அதில் வாய்க்காலும் விழுந்திருக்கும். அடுத்த நான்கு இரவும் மழை பெய்யவில்லை. அம்மா காருக்குள் படுத்தார்.

கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பாலம், மலை, நீர்நாய், செம்மறிகள். அம்மாவுக்கு ஒரு வசனம்: என் அம்மா சமைத்தார்.

நிலவறையில் பட்டியலை மடித்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். "அம்மா எத்தினை மாரி அப்பா தறப்பாளுக்குக் கீழ இருந்தவ? எங்கை இருந்தவ?"

அவர் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "எனக்கென்ன பிள்ளை தெரியும்? நான் அப்ப இங்கை அகதி ஹைமில. கடிதத்தில ஒண்டும் எழுதமாட்டா. வந்தாப் பிறகு நான் கேக்கப் பயந்திட்டன்." டயரின் தூசியை விரலால் தேய்த்தபடி, "நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்," என்றார்.

தீவில் அந்தத் திடல் இப்போது இல்லை. கணினியில் தேடிப் பார்த்தேன். வீட்டு வண்டிகள் நிற்பதற்குச் சரளைக்கல் கொட்டியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்களுக்கு எல்லையில் பாஸ்போட் வரிசைகளும் நீண்டுவிட்டன. தட்டகப்பை பையின் அடியில் கிடந்தது. வளைந்த கழுத்தில், பொருத்தும் ஆணியைச் சுற்றி, கறுத்த மண் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை என் கைப்பைக்குள் வைத்தேன்.

கூடாரத்தைக் கழிவு சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் நின்ற இளைஞன் பையைப் பார்த்துவிட்டு, எந்தத் தொட்டிக்கு அனுப்புவதென்று தெரியாமல், இது என்ன, கூடாரமா, தறப்பாளா என்று ஜெர்மனில் கேட்டான்.

அப்பா என்னைப் பார்த்தார்.

தறப்பாள் என்றேன்.