ஆல்பர்ட் நின்றிருந்த மழை

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஆல்பர்ட்டின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்த வேகத்தில், "எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று கேட்டேன். பேசியது அவன் மனைவி ஸ்டெல்லா. "அண்ணா, அவரு செத்துட்டாருண்ணா. ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரில இருக்கோம்" என்றார். "இல்லம்மா, நாலு மணிக்கு எங்களோட விளையாடிட்டு இருந்தானே" என்றேன், ஏதோ அவர் சொன்ன தகவலில்தான் தப்பு இருப்பதுபோல. இதை எழுதும்போதும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நம் ஆறு பேர் விளையாட்டுக் குழுவில் அவனை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பிரேசர் டவுன்காரன், நாற்பத்திரண்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். நான் ஆம்பூரிலிருந்து வந்து, அதே நகரத்தின் மறுகோடியில் சந்தாபுராவில் இருப்பவன். நடுவில் கிடக்கும் டிராஃபிக்குக்குப் பயந்து, எங்கள் சந்திப்பையெல்லாம் அந்த ஆன்லைன் விளையாட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அங்கே மழை அழகுக்குப் பெய்வதில்லை. பெய்தால் எதிரியின் நெருப்பு பாதி அடங்கும். இரும்புக் கவசம் போட்டிருந்தால் நம் தலையில் இடி விழும். "பகல் பூரா லிஃப்ட் குழிக்குள்ள கெடக்கேன் குரு. இங்கயாச்சும் வானத்த பாக்குறேனே" என்பான். யாராக இருந்தாலும் அவனுக்கு 'குரு'தான்.

அந்த வானிலை குருட்டாம்போக்கில் மாறுகிறது என்று நான் அடித்துப் பேசினேன். நான் சாப்ட்வேர் டெஸ்டர், எனக்குத் தெரியாதா என்கிற திமிர். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. புயலுக்குக் கொஞ்சம் முன்னால் புல் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்றான். சண்டையை எல்லாம் விட்டுவிட்டு ஒரு வாரம் நாம் ஆறு பேரும் புல்லை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அவன் சொன்னதுதான் சரி. அதன்பிறகு எந்தச் சண்டைக்கும் அவன் உத்தரவு இல்லாமல் நாம் கிளம்பியதில்லை. "ஸ்வல்ப தாளு குரு, புல்லு திரும்பட்டும்" என்று கன்னடம் கலந்து சொல்லிக் காக்கவைப்பான். நான் தோற்றதை மாதக்கணக்கில் சொல்லிக்காட்டவும் செய்தான்.

நிஜ மழையை மட்டும் அவனால் கணிக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டுத் தகர ஷீட்டின்மேல் சடசடவென்று விழுந்த பிறகுதான் அவனுக்கே தெரியும். உடனே நமக்கு "துணி" என்று தட்டிவிட்டு, காயப்போட்டதை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடுவான். அவன் மைக் வழியாக மழை இரைச்சல் நம் காதைக் கிழிக்கும். குழுத் தலைவன் என்ற முறையில் நான் அந்த மைக்கை அணைப்பேன். அவன் வரும்வரை கிண்டல் செய்துகொண்டே ஆடுவோம்.

அந்த ஞாயிறு நெருப்பு நாகத்தை அடிக்கப் போய், புயலுக்காகக் காத்திருந்தோம். "திரும்பிடுச்சு, வாங்க" என்றான். அங்கே புயல் பிடித்த அதே நேரத்தில் அவன் வீட்டுப் பக்கமும் மழை கொட்டத் தொடங்கியது. இடையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். அவனுடைய வீரன் கத்தியை ஓங்கியபடி அசையாமல் நின்றான். "துணி எடுக்க ஓடிட்டான்யா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நான் மைக்கை அணைத்தேன். அவன் இல்லாமலே ஜெயித்தோம். அவனுடைய வீரன் நனைந்துகொண்டு நிற்கும் படத்தைக் குழுவில் போட்டுக் கேலி செய்தவனும் நான்தான்.

அன்று அவன் "துணி" என்று தட்டவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவன் சொல்லாமல் எழுந்து போனதில்லை. தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற எனக்கு அது கண்ணில் படவில்லை. கீழே விழுந்து கிடந்தவனின் சத்தத்தைத்தான் நான் அணைத்திருக்கிறேன். ஒரு போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டெல்லாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "நான் பக்கத்து ரூம்லதாண்ணா இருந்தேன். மழ சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு டிவி வால்யூம ஏத்தி வச்சேன்" என்றார். அவனைப் பற்றி உங்களுக்கு எழுதப்போவதாகக் கிளம்பும்போது சொன்னேன். "நான் சொன்னதையும் சேத்து எழுதுங்கண்ணா. உங்கள மட்டும் யாரும் திட்டக்கூடாது" என்றார்.

ஆல்பர்ட்டிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பயம். அதை நான் விடுவதாக இல்லை. இனி நம்மில் யாராவது பேச்சை நிறுத்தினால் ஆட்டமும் நிற்கும். ஜெயிக்கிற நேரமாக இருந்தாலும் நிற்கும். நான் போன் செய்வேன். நீங்கள் எடுக்கும்வரை செய்துகொண்டே இருப்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். எடுத்துத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.