போருக்கு என் கணவர் சொன்ன காரணங்கள்

எங்கள் மகன் உக்ரேனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். எல்லையில் ரஷ்யப் படை குவிகிறது என்று செய்தி வந்தபோது போன் செய்து, "வந்துறவாம்மா?" என்று கேட்டான். கடைசி வருடப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. போனைக் கணவரிடம் கொடுத்தேன்.

அவருக்கு உலகமே தோட்டம்தான். கோப்பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் கைமாறியபோது, வாங்கியவன் லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களை வெளியே கிளப்பியதைப் பார்த்தவர். முதலில் தண்ணீரை நிறுத்தினான், பிறகு பாதையை மறித்தான், ஆனால் யார் வீட்டுக்கும் தீ வைக்கவில்லை.

"ரஷ்யாக்காரன் பெரியவன், அவனுக்குக் கடலுக்கு வழி வேணும். பக்கத்து வீட்டுக்காரன் எதிரிகூடச் சேரக்கூடாது. பழைய மொதலாளிங்கிற நெனப்பு வேற. மெரட்டுவான்லா, அவ்வளவுதான். தனக்கு வேணுங்கிற எடத்த எவனாச்சும் கொளுத்துவானா? நீ பரீட்சைய முடிச்சிட்டு வா," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பரீட்சைக்கு முன்பே குண்டு விழுந்தது. மகன் இருந்த நகரமும் எரிந்தது.

அதன் பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை. சிலிபினில் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பிஸ்கட் டின்னோடு வந்து, இழவு வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தார்கள். "ஏண்ணே, எதுக்குண்ணே இந்தச் சண்டை?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். மனிதருக்கு அது போதும். துறைமுகம், கோதுமை, எரிவாயுக் குழாய் என்று தடுமாறாமல் விளக்குவார். நான் மைலோ கலக்கிக் கொடுப்பேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. சோறு வடித்தேன், துணி காயப்போட்டேன். வாயை மூடுங்கள் என்று கத்தலாம்போல இருக்கும், அதற்கும் தெம்பில்லை. பேச்சை நிறுத்தினால் அவர் உடைந்துபோவார் என்றும் தெரியும்.

மகன் எப்படியோ போலந்து எல்லையைத் தாண்டி, ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தான். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவனிடம் கணவர் கேட்டார், "அங்க உள்ள சனங்க என்னடா சொல்றாங்க? எதுக்காம் இந்தச் சண்டை?"

"அவுங்களுக்கும் தெரியலப்பா. நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி என்கிட்டதான் கேட்டாங்க. குண்டுக்குப் பயந்து வீட்டுக்கு அடியில நெலவறையில உக்காந்திருந்தோம். நீங்க சொன்னதெல்லாம் சொன்னேன். கடலு, எதிரி, பழைய மொதலாளி, எல்லாம். நல்லாக் கேட்டுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"இதுல என் பையன் எதுக்காகச் செத்தான்னு கேட்டாங்க."

கணவர் தண்ணீர்க் குவளையை மகன் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த அம்மாளுக்காகவாவது நான் அழுதிருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளை உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை. அவன் தட்டில் சோறு தீர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன்.