அம்மா அவிழ்க்காத கயிறு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது, அம்மாவின் செல்போனுக்குள். மாமா ஏற்றிக் கொடுத்த விளையாட்டு அது. தீவு ஒன்றில் மாட்டிக்கொண்ட சாம்பல் நிறப் பூனையை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. சக்கரத்தைத் திருப்பலாம், சாவியைத் தேடலாம், நம் பாட்டுக்கு யோசிக்கலாம். நாம் சும்மா இருந்தால் பூனையும் சுருண்டு தூங்கிவிடும். அம்மாவுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. "எந்நேரமும் அந்தப் பூனையவே கட்டிக்கிட்டு அழு" என்பாள்.

கடைசிக் கட்டத்துக்கு நான் வந்து சேர்ந்த அன்று, மீன்பிடிக்கப் போன அய்யாவின் படகு கரைக்கு வரவில்லை. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் போன படகுகளெல்லாம் விடியும்போதே பாம்பனுக்குத் திரும்பிவிட்டன. காற்று வேறு கூரையைப் பிய்ப்பதுபோல் அடித்தது. அம்மா செபமாலையும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எனக்குக் கவலையே இல்லை. பள்ளிக்கூட பஸ் சில நாள் லேட்டாக வருவதில்லையா?

நான் பூனையைப் படகில் ஏற்றிவிட்டேன். இனிக் கயிற்றை அவிழ்த்தால் போதும். அதற்குள் அம்மா செல்லைப் பிடுங்கினாள்.

"அய்யா கூப்புடுவாக, குடுடி."

அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ திரையையே பார்த்தாள். அங்கேயும் தென்னை மரங்கள் காற்றில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"கயித்த மட்டும் தொடும்மா, ஜெயிச்சிரலாம்" என்று கெஞ்சினேன்.

"கூறு கெட்டவளே, இந்தக் காத்துல யாராச்சும் கயித்த அவுப்பாகளா?"

"இதுல பூனை சாகாதும்மா!"

முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் பக்கம் சாவு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. அது பூனைக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

திரை மங்கும்போதெல்லாம் அம்மா விரலால் தொட்டு வெளிச்சம் வரவைத்தாள். கயிற்றின் பக்கம் மட்டும் விரல் போகவே இல்லை. பூனை படகுக்குள் நிம்மதியாகத் தூங்கியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் போன் அடித்தது. என்ஜின் நின்றுபோய், வேறொரு படகு கட்டி இழுத்துவர, அய்யா பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் கரையேறியிருந்தார். "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டாள் அம்மா. பேசி முடித்ததும் செல்லை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, இப்ப அவுத்து விடு."

கயிற்றைத் தொட்டேன். நான் சொன்னது போலவே பூனை அலுங்காமல் குலுங்காமல் வீடு போய்ச் சேர்ந்தது.

அய்யா வீட்டுக்குள் நுழைந்ததுமே எல்லாவற்றையும் கொட்டினேன். "அம்மாவுக்கு வெளையாடவே தெரியலய்யா. ஒரு பூனைக்குப் போயி இம்புட்டு நேரம் பயந்துகிட்டு கெடந்துச்சு!"

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் உப்புப் பூத்த சட்டையோடு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பூனை வீடு வந்து சேந்துருச்சா?" என்று கேட்டார்.

"சேந்துருச்சு" என்றாள் அம்மா. சொன்னவள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள்.

ஜெயித்த விளையாட்டுக்கு இப்படியா அழுவார்கள்? எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவள் தலையைத் தடவிவிட்டுச் சொன்னேன்: "அழாதம்மா, நாளைக்கு ஒனக்கு மொதல்லருந்து சொல்லித் தாரேன்."